செக்ரோலில் விழாத இருமல்: பந்தலூர்த் தோட்டமொன்றில் இரண்டு சகோதரிகள்

2019 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை. பந்தலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. களத்து மண் இன்னும் காலில் ஒட்டியது. தற்காலிகத் தொழிலாளர் பட்டியலில் ஒரு பெயருக்கு வந்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் "இருக்கிறேன் ஐயா" என்று வந்துவிடும் குரல் அன்று வரவில்லை. மறுபடி வாசித்தேன். நிரந்தரத் தொழிலாளர் வரிசையில் நின்ற அவருடைய அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வருகைப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பெயருக்கு நேரே, வரவில்லை என்று சுழி போட்டேன். அந்த ஆண்டில் அவருக்கு நான் போட்ட முதல் சுழி அது.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாளாக இருமல் என்று மருத்துவர் கேட்டதற்கு, ஜூன் மழை பிடித்ததிலிருந்து என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் என் கையெழுத்தில் அவர் முழுப் பேர். முழு நாள் வேலை பார்த்தவருக்கு முழுப் பேர், பாதி நாளில் திரும்பியவருக்கு அரைப் பேர் என்பது எங்கள் தோட்டத்துப் பேச்சு. அவருக்கு அரைப் பேர்கூட நான் போட்டதில்லை. அந்த ஜூலையில் மேலாளரிடம், தற்காலிகத் தொழிலாளர்களில் ஒழுங்காக வருபவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது, நான் முதலில் சொன்னது அவர் பெயரைத்தான்.

நோயில் கிடக்கும் நாளுக்குத் தரும் நோய்ப்படியும் வேலை உத்தரவாதமும் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பதை எப்படித் தீர்மானிக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இந்தச் சகோதரிகளின் கதையைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே வீடு, ஒரே மலை, ஒரே மழை, ஒரே வேலை. வேறுபட்டது பட்டியலில் அவர்கள் நின்ற வரிசை மட்டும். அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வரிசை

பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய பல்லாயிரம் குடும்பங்களில் ஒன்று. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் டான்டீ என்று நாம் அறியும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமாக ஆனது அதுவே. இந்தக் குடும்பத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை, தனியார் தோட்டத்துக்கு வந்தார்கள். அம்மா ஓய்வு பெற்றபோது அவருடைய இடம் மூத்த மகளுக்குக் கிடைத்தது. நிரந்தர வேலை, அதோடு லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இரண்டு அறை வீடு.

தங்கை திருமணமாகித் திருப்பூருக்குப் போய், கணவர் இறந்த பிறகு ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தவர். 2018 பிப்ரவரியில் தற்காலிகமாகப் பேர் பதிந்தார். அக்காவின் வீட்டிலேயே தங்கினார். இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே வயல்தான் விழும். இரண்டு பேர் கையிலும் அதே கத்தரி, இடுப்பில் அதே படங்கு, காலில் அதே அட்டைக்கடி. மாலையில் எடை போடும் இடத்தில் பார்த்தால் தங்கையின் கொழுந்துதான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கு அது பொருந்தியது. அதன் 32ஆவது பிரிவு, தகுதி பெற்ற மருத்துவர் நோய் என்று சான்றளித்தால் தொழிலாளிக்கு முதலாளி நோய்ப்படி தர வேண்டும் என்றது. எவ்வளவு, எத்தனை நாள் என்பது மாநில விதிகளில் இருந்தது. 20 நாள் வேலைக்கு 1 நாள் என்று சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பும் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் 'தொழிலாளி' என்று சொன்னபோது நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிக்கவில்லை என்பது. ஆக, தாளில் இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே உரிமைதான். நான் செக்ரோல் எழுதிய காலம் முழுவதும் ஒரு தற்காலிகத் தொழிலாளிகூட நோய்ப்படி கேட்டு என் மேசைக்கு வந்ததில்லை. மறுத்தோம் என்று யாரும் எங்களைக் குற்றம் சொல்ல முடியாது. மறுக்கும் நிலையே வரவில்லை.

அக்காவின் சுழிகள்

அக்காவின் பெயருக்கு நேரே சுழிகள் உண்டு. இதை ஒளித்துவிட்டு இந்த ஆய்வை எழுதினால் அது பொய்யாகும்.

தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டோடு இரண்டு நாள், மூன்று நாள் என்று எடுப்பார். ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வறட்சியும் கொழுந்தை நிறுத்திவைக்கும் மாதங்களில் அதிகம் எடுப்பார். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கும்போது காய்ச்சலோடும் வந்து நிற்பார். இதை நான் அன்று நடிப்பு என்று நினைத்தேன். கொழுந்து இருக்கும்போது உடம்பு நன்றாக இருக்கிறது, இல்லாதபோது வலிக்கிறதா என்று கம்பவுண்டரிடம் கடுமையாகப் பேசியதும் உண்டு.

அந்த மாதங்களின் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும், போடவில்லை. நோய்ப்படி அடிப்படைக் கூலியை வைத்து வருவது. கொழுந்து பொங்கும் மாதத்தில் குறிப்பிட்ட எடைக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. ஆகவே மே மாதத்தில் ஒரு நாள் படுத்தால் இழப்பது கூலியில் ஒரு பகுதியும் அந்தக் கிலோக் காசு முழுவதும். பிப்ரவரியில் கிலோக் காசே இல்லை, அதனால் படுத்தாலும் இழப்பு சிறியது. இரண்டு மாதத்திலும் அதே தோள்வலிதான், அதே முதுகுதான். மே மாதத்து வலியை அவர் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்திருந்தார். கத்தரி பிடித்து இலை வெட்டும் பெண்களின் வலது தோள் எப்படி இருக்கும் என்பதைச் சீசன் முடிந்த பிறகு பார்த்தால் தெரியும்.

எல்லாச் சுழியும் அவருடைய உடம்புக்காக எடுத்ததும் அல்ல. பின்னாளில் அவரே சொன்னார்: "அம்மாவுக்குக் கண் பார்க்கக் கூடலூர் போன இரண்டு நாளும் என் பெயரில்தான் சீட்டு வாங்கினேன் ஐயா. வேறு என்ன லீவு இருக்கிறது?" மகனின் பள்ளியில் கூப்பிட்டபோது ஒரு நாள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க ஒரு நாள். வீட்டிலுள்ள எல்லோருடைய நோயும் எல்லோருடைய அலைச்சலும், நிரந்தர வேலையில் இருப்பவரின் நோய் விடுப்புக்குள் வந்து அடைந்துகொண்டன. அது முறைகேடு என்பதை மறுக்கவில்லை. வயதான தாய்க்குத் துணை போவதற்கு அந்தத் தோட்டத்தில் வேறு எந்த வழியும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆனால் அவருடைய சுழிகளுக்கு ஒரு எல்லை இருந்தது. அவர் நாள் எண்ணுபவர். ஆண்டில் 240 நாள் வேலை இருக்க வேண்டும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்போதிருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் ஓராண்டுத் தொடர் பணி என்பதற்கு அந்த 240 ஒரு அளவுகோல். ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்று ஓய்வின்போது கையில் வரும் தொகை அதில் தொங்குகிறது. தீபாவளி போனஸும் சம்பாதித்த கூலியைப் பொறுத்ததுதான். 'நிரந்தரமானவன் வேலைக்கு வரமாட்டான்' என்று மேலாளர் அடிக்கடி சொல்வார். நிரந்தரமானவருக்குத்தான் ஆண்டு முழுவதும் எண்ணிக் காக்க வேண்டிய ஒன்று கையில் இருக்கிறது என்பது அந்தப் பேச்சில் வரவே வராது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம் எங்கள் பக்கமும் மண் சரிந்து பாதை போனது. மழை ஓய்ந்ததும் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். சீட்டு வாங்கினார். ஐந்து நாள் படுத்தார். ஆறாம் நாள் பெரட்டுக்கு வந்தார். நோய்ப்படி வந்தது. இந்த முழுக் கதையிலும் சட்டம் நினைத்தபடி நடந்த இடம் அது ஒன்றுதான்.

அதே ஐந்து நாளும் தங்கை அக்காவுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, இருமிக்கொண்டே வயலுக்குப் போனார்.

480

அவர்கள் வீட்டு அடுக்களையில் ஒரு நாட்காட்டி தொங்கும். மளிகைக் கடையில் கொடுப்பது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் தங்கை பேனாவால் வட்டமிட்டிருப்பார். மாதக் கடைசியில் மூலையில் கூட்டுத்தொகை. 2018 நாட்காட்டியையும் கழற்றாமல் அதன் பின்னாலேயே மாட்டியிருந்தார். செப்டம்பரில் அவர் விழுந்தபோது மூலையில் இருந்த எண் 440ஐத் தாண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் ஒரு சட்டம் உண்டு, தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். தோட்டங்களுக்கும் அது பொருந்தும். 480 என்ற எண் தற்காலிகத் தொழிலாளர்களிடையே ஒரு மந்திரம்போல் உலவியது. அந்த எண்ணை நெருங்கும்போது ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சில வாரம் நிறுத்திவைப்பார்கள் என்ற அச்சமும் கூடவே உலவியது. அச்சம் வீணானதென்று சொல்ல எனக்கு வாயில்லை. நிறுத்தச் சொன்ன பட்டியல்களை எழுதிய கை என்னுடையது. அந்தப் பட்டியலில் முதலில் போவது யார் பெயர் என்றால், அண்மையில் சுழி விழுந்தவர் பெயர்.

இந்த அச்சம்தான் தங்கையை மருந்துக் கடையோடு நிறுத்தியது. இருமல் டானிக், இரவில் கஷாயம், சுக்கு, மிளகு. வயலில் அடுத்த நிரையில் நிற்பவருக்குக் கேட்காமலிருக்க முந்தானையை வாயில் வைத்து இருமுவாராம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற அறிவிப்பு தோட்ட ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பவுண்டர் ஆபீசுக்குச் சொல்வார், ஆபீசில் பெயர் விழும், பெயர் விழுந்தால் நிறுத்தும் பட்டியலில் முதலிடம் என்று அவர் போட்ட கணக்கில் தவறு எதுவும் இல்லை. எங்கள் ஆபீசின் வேலைமுறை அப்படித்தான் இருந்தது.

மழையில் நனைந்ததால் காசநோய் வருவதில்லை. அது கிருமியால் வருவது, இருமலில் பரவுவது. மருந்து ஒழுங்காகத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். ஜூன் கடைசியில் பரிசோதித்திருந்தால் ஜூலையில் மருந்து தொடங்கியிருக்கும். தாமதித்ததால், இருமிய அந்த நான்கு மாதமும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்கள், ஒரே ஜீப்பில் பத்துப் பதினைந்து பேர். வீட்டிலுள்ளவர்களை அரசு ஊழியர்கள் வந்து பரிசோதித்தார்கள், நல்லவேளையாக எவருக்கும் இல்லை. அவரோடு நிரை பிடித்த பெண்களைப் பரிசோதிக்கத் தோட்டம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

சிகிச்சை ஆறு மாதம். மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்காக மத்திய அரசின் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது; 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். கூலி இல்லை. அக்டோபர் மாதச் செக்ரோலில் அவர் பெயரே இல்லை. 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்பது ஆபீஸ் குறிப்பு. உடம்பு தேறியதும் புதிதாகப் பதிந்துகொள்ளலாம் என்று மேலாளர் சொல்லியனுப்பினார். புதிதாக என்றால் நாட்காட்டியில் 1 என்று தொடங்குவது.

திருப்பூர்த் தம்பி

இவர்களுக்கு ஒரு தம்பி, திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் தையல் இயந்திரம் ஓட்டுகிறார். அக்காமார் பேசும்போது அடிக்கடி அவர் பேச்சு வரும். அவருக்கு ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவர் பங்கு, 3.25 விழுக்காடு முதலாளி பங்கு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், நோயில் கிடந்தால் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை நீளும். நோய்ப்படி வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அன்றைய ஈஎஸ்ஐ சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. பணமும் காவலும் ஒரே சட்டத்தில் சேர்ந்து நின்றது எனக்கு அதில் பிடித்த விஷயம்.

தங்கை திருப்பூரிலேயே தம்பியைப்போல் வேலையில் நிலைத்திருந்தால் இதே நோய்க்கு அவருக்கு இதெல்லாம் கிடைத்திருக்கலாம். மலைக்கு வந்ததால் கிடைக்கவில்லை. தேயிலைத் தயாரிப்பைப் பருவகாலத் தொழிற்சாலை என்று ஈஎஸ்ஐ சட்டம் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டது. தோட்டத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன நியாயம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தோட்டங்கள் ஈஎஸ்ஐக்குள் வரலாம், ஆனால் முதலாளி விரும்பினால்.

தம்பியின் ஏற்பாட்டிலும் ஒரு முள் உண்டு. முதல் இரண்டு நாளுக்கு ஈஎஸ்ஐ பணம் தராது. ஒரு நாள் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு இயந்திரத்தில் உட்கார்ந்துவிடுவதாகத் தம்பி சொன்னார். ஆனால் எப்படியும் இரண்டு நாள் போய்விட்டது என்றால், மூன்றாம் நாள் எழ முடிந்தாலும் எழுவதில்லை; போன இரண்டு நாளையும் ஈடுகட்டும் வரை படுத்திருக்கத் தோன்றும். சின்ன விடுப்பைத் தடுக்க வைத்த விதி, பெரிய விடுப்பை இன்னும் பெரிதாக்குகிறது.

'நிரந்தரம் கொடுத்தால் வரமாட்டார்கள்'

2020இல் அந்த வேலையை விட்டேன். இப்போது கூடலூர் பக்கம் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். மேலாளர் சொன்ன அந்தப் பேச்சு உண்மையா என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நேர்மையாகச் சொன்னால், வெளிநாட்டு ஆய்வுகள் மேலோட்டத்தில் அவர் பக்கம் நிற்கின்றன.

இத்தாலியில் ஒரு பெரிய வங்கியில் 1993 முதல் 1995 தொடக்கம் வரை சேர்ந்த 545 ஆண்களையும் 313 பெண்களையும் வாரம் வாரமாகக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. முதல் 12 வாரம் தகுதிகாண் காலம், எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். அது முடிந்து பாதுகாப்பு வந்ததும் விடுப்பு கண்கூடாக உயர்ந்தது. சுவீடனில் கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்ற விதியை 2001இல் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் சற்றுத் தளர்த்தினார்கள். அங்கே தொடர்ந்து வேலையில் இருந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு நாள் குறைவாக நோய் விடுப்பு எடுத்தார்கள். பாதுகாப்பு கூடினால் விடுப்பு கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. எங்கள் தோட்டத்திலும் அதுதான்: அக்காவுக்குச் சுழிகள், தங்கைக்கு ஒன்றுமில்லை.

ஆனால் குறைந்தது எது? இந்தக் கேள்வியில்தான் என் மேலாளரும் நானும் பிரிகிறோம். சுவீடன் ஆய்விலேயே இன்னொன்றும் இருக்கிறது: அதிகம் விடுப்பு எடுத்த வரலாறு உள்ளவர்கள் அந்தச் சிறு நிறுவனங்களை விட்டு வெளியேறினார்கள். அதாவது கணக்கில் விடுப்பு குறைந்ததில் ஒரு பங்கு, நோயாளிகள் கணக்கை விட்டே போனதால் வந்திருக்கலாம். எங்கள் அக்டோபர் செக்ரோலும் அப்படித்தான். தங்கையின் பெயர் போனதும் தற்காலிகப் பட்டியலின் வருகை மறுபடியும் நூற்றுக்கு நூறு ஆயிற்று.

லண்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு 2005இல் வெளியிட்ட ஒரு முடிவு என்னை உலுக்கியது. உடல்நலம் குன்றியிருந்தும் மூன்று ஆண்டில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுக்காத ஆண்களுக்கு, அதே நிலையில் அளவாக விடுப்பு எடுத்தவர்களைவிடக் கடுமையான இதயப் பாதிப்பு இரண்டு மடங்காக வந்தது. ஒழுங்காக வருபவர் யார் என்று கேட்டபோது நான் சொன்ன பெயர் என் காதில் மறுபடி ஒலித்தது.

அக்காவின் சுழிகளில் சில அவருடைய உடம்புக்கானவை அல்ல என்று முன்னமே எழுதினேன். அதைத் தோட்டத்துக்கு ஆன செலவு என்று கணக்கெழுதலாம். தங்கை வராமல் இருக்க வேண்டிய நாள்களில் வந்ததற்கும் ஒரு செலவு உண்டு. அதற்குச் செக்ரோலில் கட்டம் இல்லை. நான் இத்தனை ஆண்டு எழுதிய புத்தகம், யார் வரவில்லை என்பதைத்தான் காட்டியது. யார் வந்திருக்கக் கூடாது என்பதைக் காட்டவே இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவரைச் சோம்பேறி என்றும் ஒருவரை உழைப்பாளி என்றும் தீர்ப்புச் சொன்னேன்.

என் முடிவு இதுதான். நோய்ப்படியைத் தனியாகவும் வேலை உத்தரவாதத்தைத் தனியாகவும் எடைபோட முடியாது. சட்டத்தில் இருந்த நோய்ப்படி தங்கைக்கு ஒரு காசும் பயன்படவில்லை, ஏனென்றால் அதைக் கேட்பதே வேலைக்கு ஆபத்தாக இருந்தது. நாளை நோய்ப்படியை இரு மடங்காக்கினாலும் அவர் வந்து கேட்டிருக்க மாட்டார். அக்காவால் கேட்க முடிந்தது, முதல் நாளே படுத்தார், ஐந்தே நாளில் எழுந்தார். தங்கையால் கேட்க முடியவில்லை, நான்கு மாதம் இருமலோடு வேலை பார்த்தார்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கம்பவுண்டருக்கும் செக்ரோல் ஆபீசுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும்: யாருக்கு என்ன நோய் என்பது ஆபீசுக்கு வரக்கூடாது, எத்தனை நாள் என்பது மட்டும் வரலாம். ஆண்டில் இரண்டு மூன்று நாள் சீட்டில்லாமலே வாய்மொழியில் ஏற்க வேண்டும்; ஒரு நாள் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று அரை நாளைத் தொலைக்க யாரும் விரும்புவதில்லை. முதியவருக்குத் துணை போக ஒரு பெயரில் ஒரு விடுப்பு இருந்தால் நோய் விடுப்பில் பொய் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தற்காலிகத் தொழிலாளியின் பெயருக்கு நேரே விழும் நோய்ச் சுழி, நிறுத்தும் பட்டியலுக்கு ஆதாரமாகக் கூடாது.

தெரியாமல் போனது

மனு எழுதத் தொடங்கிய பிறகுதான் 1981 சட்டத்தை வரிவரியாகப் படித்தேன். தொடர் பணி என்றால் என்ன என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நோயாலோ, அனுமதி பெற்ற விடுப்பாலோ, விபத்தாலோ இடையில் பணி தடைப்பட்டாலும் அது தொடர் பணிதான். நோய் தொடர்ச்சியை முறிக்காது. தங்கை ஜூன் மாதமே படுத்திருந்தாலும் சட்டத்தின் முன் அவருடைய தொடர்ச்சி அறுந்திருக்காது. ஒரு சுழி விழுந்தால் எல்லாம் போயிற்று என்று அவர் நம்பினார். தோட்டம் முழுவதும் அப்படித்தான் நம்பியது. ஆபீசில் உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான் நம்பினேன், கேட்டவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

2021இல் அவர்கள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். மருத்துவமனைச் சிகிச்சை அட்டை இருக்கிறது, இரண்டு நாட்காட்டிகள் இருக்கின்றன, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு மனுக் கொடுக்கலாம், நானே எழுதுகிறேன், செக்ரோல் எழுதியவன் என்று சாட்சியும் சொல்கிறேன் என்றேன். தங்கை அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தார்.

"வேண்டாம் ஐயா," என்றார் தங்கை. "அக்காவுக்கு இன்னும் எட்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. இந்த வீடு அக்கா பேரில் இருக்கிறது. நான் மனுப் போட்டால் இவர்கள் கேட்பது அக்காவைத்தான்."

அக்காவின் நிரந்தரமும் இவ்வளவுதானா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை போனால் லயத்து வீடு போகும். தன் காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குமளவு அது தாங்கும், தங்கைக்காக ஒரு மனுவைத் தாங்காது. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். மனு எழுதப்படவில்லை.

தங்கைக்குச் சிகிச்சை முடிந்தபோது ஊரடங்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. இப்போது சேரம்பாடி போகும் வழியில் ஒரு சிறு விவசாயியின் இரண்டு ஏக்கர் தேயிலையில் நாள்கூலிக்கு இலை எடுக்கிறார். 5 ஹெக்டேருக்கு மிகவும் கீழே இருப்பதால் நான் மேலே சொன்ன தோட்டச் சட்டம் எதுவும் அங்கே வராது. உரிமையாளரம்மா நல்லவர், போன மழையில் இவருக்குச் சளி பிடித்தபோது வீட்டுக்குப் போகச் சொல்லி அன்றைய கூலியைக் கையில் கொடுத்தாராம். மறுநாள் கொடுக்கவில்லை, கொடுக்கும் நிலையில் அவரும் இல்லை. பச்சைத் தேயிலைக்கு அந்த வாரம் கிடைத்த விலை அப்படி. அங்கே பெரட்டு கிடையாது, செக்ரோல் கிடையாது. அவர் போன நாளுக்குக் கூலி உண்டு. போகாத நாள் எந்தத் தாளிலும் விழுவதில்லை.